சென்னை ஜி.எச்.: எதற்குப் போகலாம், எதற்கு வேறிடம்

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு ஊர் வாயில் பெயர் இன்னும் ஜி.எச்.தான். 1664-இல் கோட்டைக்குள் தொடங்கி, 1772-இல் இந்த இடத்துக்கு வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் தாய் மருத்துவமனை இதுவே.

வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது ஒரே விஷயத்தில். பெரிய ஆஸ்பத்திரி, எல்லாம் உள்ளேயே இருக்கும் என்று நம்பி வருகிறார்கள். கண், பிரசவம், குழந்தைகள் மூன்றுக்கும் எழும்பூருக்குப் போக வேண்டும் (அங்குள்ள கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது). மனநலத்துக்குக் கீழ்ப்பாக்கம். எல்லாமே இதே கல்லூரியைச் சேர்ந்தவை, இடம்தான் வேறு. கை நசுங்கினாலோ விரல் துண்டானாலோ ஸ்டான்லி அரசு மருத்துவமனை. கை அறுவை சிகிச்சைக்கென்றே அங்கே தனித் துறை இருக்கிறது. துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் சதை கெட்டுவிடும்.

ஜி.எச்.சின் உண்மையான பலம் நரம்பியல், சிறுநீரகம், ரத்தநாளம், மூட்டுவாதம். வாய் கோணி, ஒரு பக்கம் செயலிழந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், ஓ.பி. (வெளிநோயாளர்) சீட்டுக்கு வரிசையில் நிற்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மூளையில் அடைத்த ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் ரத்தக்கசிவு இல்லையென்று சி.டி. ஸ்கேன் காட்ட வேண்டும். தூங்கி எழும்போதே அப்படி இருந்தால், எழுந்த நேரத்திலிருந்து கணக்கிடமாட்டார்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைத்தான் கேட்பார்கள். அதைச் சரியாகச் சொல்லக்கூடிய ஒருவர் நோயாளியோடு வரவேண்டும்.

சர்க்கரை நோயாளிக்குக் கால்விரல் கறுத்தால் கட்டு மட்டும் போட்டுக்கொண்டு நாளைக் கடத்துவதுதான் பெரிய தவறு. ரத்தநாள அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டி, காலுக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைக்கும் அறுவை) போட்டவர்கள் அந்தக் கையில் ஊசியோ பி.பி. பட்டையோ போட விடக்கூடாது.

பயிற்சி மருத்துவமனை என்பதால் ஒரே கதையை நாலு டாக்டர்கள் கேட்பார்கள். சலித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள், முதல் ஆளிடம் விட்டுப்போனது மூன்றாவது ஆளிடம் பிடிபடுவது இப்படித்தான். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள். 'வெள்ளை மாத்திரை' என்று சொன்னால் யாருக்கும் புரியாது. ஓ.பி. காலையில்தான், கூட்டம் கடுமையாக இருக்கும். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர வேண்டியிருந்தால், ரேஷன் அட்டையில் நோயாளியின் பெயர் இருக்கிறதா என்று ஊரிலேயே பார்த்துவிடுங்கள். விட்டுப்போயிருந்தால் வார்டில் படுத்தபடி அதைச் சேர்ப்பது பெரும்பாடு.