பின் பிரேக் பேட் மாற்றம்: ஜி கிளாம்ப், திருகு கருவி, ஸ்கேனர் – உங்கள் வண்டிக்கு எது?

முன் சக்கரத்தில் பேட் மாற்றிப் பழகியவர், பின்னாலும் அதே வேலைதானே என்று தைரியமாக இறங்குவார். பேடுகளை டிஸ்கின் மேல் அழுத்தும் கவ்வியான காலிப்பரைக் கழற்றும் வரை அதே வேலைதான். புது பேட் பழசைவிடத் தடிமன். அது உள்ளே போக, பழைய பேடை அழுத்தி அழுத்தி காலிப்பரிலிருந்து வெளியே வந்து நிற்கும் பிஸ்டனைத் திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும். முன்னால் ஒரு அழுத்து அழுத்தினால் போய்விடும். பின்னால் பல வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கும் அதே பிஸ்டனைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் வீட்டில் செய்யலாமா, கடையில் கொடுக்கலாமா என்பதை உங்கள் ஹேண்ட் பிரேக்கின் வகையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

(ஸ்விஃப்ட், வேகன் ஆர் வைத்திருப்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். உங்களுக்குப் பின்னால் இருப்பது டிஸ்க் அல்ல, டிரம் பிரேக். அதற்குள் இருப்பது ஷூ, அது வேறு கதை.)

லேசான வகையை முதலில் முடித்துவிடலாம். பழைய கேம்ரி, பழைய பிஎம்டபிள்யூ கார்களில் பின் டிஸ்கின் நடுக்குழிக்குள் ஹேண்ட் பிரேக்குக்கென்றே ஒரு குட்டி டிரம் இருக்கும். பிஸ்டனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய பேடைப் பிஸ்டன் முகத்தில் வைத்து, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஜி கிளாம்பைப் போட்டு நிதானமாக இறுக்கினால் பிஸ்டன் நேராக உள்ளே போய்விடும். இந்த வண்டிக்கு வேறு கருவி வாங்குவது வீண் செலவு.

அதே கிளாம்பைப் பழைய சிவிக்கிலோ, கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் உள்ள ஆக்டேவியாவிலோ போட்டால் காலிப்பரே போய்விடும். அங்கே பிஸ்டனுக்குள் மரை போட்ட ஒரு தண்டும், பேட் தேயத் தேயத் தானாக இடைவெளியைச் சரிசெய்யும் அமைப்பும் இருக்கின்றன. பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். பலம் கொண்ட மட்டும் அழுத்தினால் உள்ளே இருப்பது உடையும். அப்புறம் பேடோடு காலிப்பரும் வாங்க வேண்டியதுதான். எந்த வகை என்று கண்டுபிடிப்பது சுலபம். பிஸ்டன் முகத்தைப் பாருங்கள். வெட்டுப் பள்ளமோ கூட்டல் குறி மாதிரியான வரியோ இருந்தால் அது திருகும் வகை.

திருக மூன்று வழி சொல்வார்கள். மூக்கு நீண்ட கட்டிங் பிளேயரை அந்தப் பள்ளத்தில் கொடுத்துத் திருப்புவது ஒன்று. பிஸ்டன் இளகலாக இருந்தால் நடக்கும். ஆனால் ஒருமுறை வழுக்கினால் போதும், சுற்றியிருக்கும் ரப்பர் பூட் கிழியும். கிழிந்த வழியாகத் தண்ணீரும் தூசியும் போய் பிஸ்டன் துருப்பிடிக்கும். இரண்டாவது, ராட்செட்டில் மாட்டும் சதுரக் கட்டை. மலிவு, ஆனால் அது திருப்ப மட்டும் செய்யும், அழுத்தாது. பல பிஸ்டன்கள் அழுத்திக்கொண்டே திருகினால்தான் நகரும். மூன்றாவது, அடாப்டர்களோடு பெட்டியாக வரும் திருகு கிட். ஒரு பக்கம் காலிப்பரில் முட்டுக்கொடுத்து அழுத்திக்கொண்டே திருப்பும். என் ஓட்டு இதற்குத்தான். பெரும்பாலும் கடிகாரச் சுற்றில் உள்ளே போகும். சில வண்டிகளில் ஒரு பக்கத்துக்கு எதிர்ச்சுற்று, ஆகவே கிட்டில் இரண்டு தண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். திருகும்போது ரப்பர் பூட்டும் சேர்ந்து முறுக்கிக்கொண்டால் நிறுத்தி, விளிம்பை விடுவித்துவிட்டுத் தொடருங்கள். கடைசியில் பள்ளம் எந்தத் திசையில் நிற்கிறது என்பதும் முக்கியம். பேடின் முதுகில் சின்ன முளை இருந்தால் அது அந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் பேட் சாய்வாகத் தேயும்.

மூன்றாம் வகை, பட்டனில் வேலை செய்யும் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக். காலிப்பரின் முதுகிலேயே ஒரு மோட்டார் இருக்கும். அதை முதலில் சர்வீஸ் மோடுக்கு, அதாவது மோட்டார் தன் பிடியை விட்டு நிற்கும் நிலைக்கு, கொண்டுபோக வேண்டும். சில வண்டிகளில் பட்டனையும் பெடலையும் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினாலே போதும், மற்றவற்றுக்கு வண்டியின் கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுக்கும் ஸ்கேனர் வேண்டும். சாதாரண ப்ளூடூத் டாங்கிள் எரர் கோடு படிப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடும். மோட்டாரைக் கழற்றி, உள்ளே இருக்கும் தண்டைக் கையால் திருப்பும் வித்தை யூடியூப்பில் நிறைய உண்டு. பிஸ்டன் போகும்தான், ஆனால் அது எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. டேஷ்போர்டில் விளக்கு எரிய ஆரம்பிக்கும். காலிப்பர் கையில் இருக்கும்போது யாராவது பட்டனைத் தட்டினால் விரலுக்கே ஆபத்து. இந்த வகைக்குச் சரியான ஸ்கேனர் ஏற்கெனவே கையில் இல்லையென்றால் கடையில் கொடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

காசுக் கணக்குப் பார்த்து வீட்டில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று: கிட், ஜாக்கி ஸ்டாண்டு, போல்ட்டை அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் எல்லாம் வாங்கும் பணத்தில் சில தடவை கூலியே கொடுத்துவிடலாம். வீட்டு வேலையின் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. காலிப்பர் வழுக்கி நகர்வது இரண்டு ஸ்லைட் பின்களில். உள்பக்க பேட் தகடு வரை தேய்ந்து, வெளிப்பக்க பேட் பாதி மிச்சமிருந்தால் முதல் சந்தேகம் இந்தப் பின்கள் மேல்தான். உருவிப் பாருங்கள்: காய்ந்து கறுத்த கிரீஸ், கீழே துரு. துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவினால் விரலாலேயே தள்ளலாம். சாதா கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிவிடும். அவசரத்தில் இருக்கும் கடையில் பேட் மாறும், பின்னை யாரும் உருவுவதில்லை. பக்கத்தில் நின்று கேட்டுச் செய்ய வைக்கலாம் என்பதால், கம்பெனி சர்வீஸைவிடத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பது மேல். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் மட்டும் கம்பெனிக்கே போங்கள்.

வீட்டில் செய்வதில் நிஜமான ஆபத்து வண்டி நகர்வது. பின் பிரேக் வேலைக்கு ஹேண்ட் பிரேக்கை விட்டே ஆக வேண்டும். முன் சக்கரங்கள் இழுக்கும் மேனுவல் வண்டியை முதல் கியரில் விட்டு, அந்தச் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். பின் சக்கரம் இழுக்கும் வண்டிக்குக் கியர் உதவாது, கட்டை மட்டுமே துணை. சமதளம் இல்லாத வாசலில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். பிஸ்டன் உள்ளே போகும்போது பிரேக் ஆயில் ஏறி டேங்க் வழியலாம். அது பெயின்ட்டைத் தின்னும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வேலை முடிந்து முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும். கட்டியாகும் வரை மிதித்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

பேட் விஷயத்தில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. நகர ஓட்டத்துக்கு செராமிக்: சத்தம் குறைவு, வீலில் கறுப்புத் தூசியும் குறைவு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஆள் நிறைய ஏற்றி அடிக்கடி இறங்குகிறவர், சூடு தாங்கும் செமி மெட்டாலிக்கைப் பார்க்கலாம். கம்பெனி பேட் விலை அதிகம் என்று தோன்றினால், பேட் தயாரிக்கும் ரானேவும் பிரேக்ஸ் இந்தியாவும் சென்னையிலேயே இருக்கின்றன. கடையில் மாடல் பெயரோடு நிறுத்தாமல் வருடம், வேரியன்ட், பார்க்கிங் பிரேக் லீவரா பட்டனா என்பதையும் சொல்லுங்கள். ஒரே மாடலில் இரண்டுக்கும் வேறு வேறு பேட் வருவதுண்டு.