ஜிசியா, ஹெச்பிஎல்சியா?

ஜிசி (கேஸ் குரோமட்டோகிராஃபி), ஹெச்பிஎல்சி (ஹை பெர்ஃபார்மன்ஸ் லிக்விட் குரோமட்டோகிராஃபி) ரெண்டுமே ஒரு கலவைல இருக்குற பொருளையெல்லாம் குழாய் வழியா ஓட்டித் தனித்தனியா பிரிச்சு அளக்குற முறை, முதல்ல சொன்னதுல வாயு தள்ளும், ரெண்டாவதுல திரவம். இதுல எது பெஸ்ட்னு கேக்குறதுக்கு முன்னாடி உங்க சாம்பிள் சூடு தாங்குமான்னு பாருங்க, முக்கால்வாசி முடிவு அங்கயே ஆயிடும். ஜிசில சாம்பிள் ஆவியா மாறியே ஆகணும், ஹீலியமோ ஹைட்ரஜனோ அதைத் தள்ளிட்டுப் போகும், அதனால பெட்ரோல், வாசனை எண்ணெய், ஆல்கஹால் மாதிரி ஐட்டத்துக்கு இதை அடிச்சுக்க ஆளே இல்ல. கேப்பிலரி குழாய் பெரும்பாலும் 30 மீட்டர் நீளம், உள்விட்டம் 0.25 மிமீதான், சுருட்டி ஓவனுக்குள்ள வச்சிருப்பாங்க, அவ்ளோ நீளம் இருக்குறதாலதான் பீக்லாம் (ஒவ்வொரு பொருளுக்கும் வரைபடத்துல வர்ற மேடு) ஊசி மாதிரி பிரிஞ்சு வருது.

ஆனா புரோட்டீன், நிறைய மருந்து, வைட்டமின்லாம் சூட்டுல செதைஞ்சுடும், இல்ல ஆவியாவே ஆகாது. அங்க ஹெச்பிஎல்சிதான். சர்க்கரை, அமினோ ஆசிட்டையெல்லாம் முதல்ல ஆவியாகுற வேற சேர்மமா மாத்திட்டு ஜிசில ஓட்டலாம்தான், என்னைக் கேட்டா அது தேவையில்லாத தலைவலி. ஹெச்பிஎல்சில குழாய் 15, 25 செமீதான், உள்ள 5 மைக்ரான் துகள் இறுக்கி அடைச்சிருக்கும், அதுக்குள்ள திரவத்தைத் தள்ள பம்ப் நூறு பாருக்கு மேல அழுத்தம் குடுக்க வேண்டி வரும், சால்வென்ட் செலவும் கழிவும் ஜாஸ்தி.

இன்னொண்ணு, ஜிசில பரவலா இருக்குற எஃப்ஐடி (ஃப்ளேம் அயனைசேஷன்) டிடெக்டர் சாம்பிளை எரிச்சுத்தான் அளக்கும். ஹெச்பிஎல்சியோட யுவி (புற ஊதா) டிடெக்டர் வெறும் வெளிச்சத்தை விட்டுப் பாக்கும், பிரிஞ்சு வர்றதை வேணும்னா பிடிச்சு வச்சுக்கலாம்.