ஹீட் பம்ப் டிரையர்: இரண்டு குளிர்காலத்துக்குப் பிறகு

லண்டன் குராய்டனில் எங்களுடையது பால்கனி இல்லாத ஃபிளாட். அக்டோபர் முதல் மார்ச் வரை துணியை அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் போட்டுப் போட்டு, பிள்ளைகள் அறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. அதனால்தான் துணி காயவைக்கும் இயந்திரம், 8 கிலோ ஹீட் பம்ப் டிரையர் ஒன்று வாங்கினோம். பிராண்டைச் சொல்லப்போவதில்லை. துணியிலிருந்து உதிரும் பஞ்சைப் பிடிக்க, கதவில் ஒன்று, அடியில் ஒன்று என இரண்டு ஃபில்டர் உள்ள எந்த மாடலுக்கும் நான் சொல்வது பொருந்தும்.

மின்சாரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முந்தைய வாடகை வீட்டில் இருந்த பழைய டிரையர் ஒரு லோடுக்கு 5 யூனிட்டை நெருங்கும். இது 2 யூனிட் அளவில் முடித்துவிடுகிறது, ஸ்மார்ட் மீட்டரில் பார்த்துத்தான் சொல்கிறேன். நேரம் கூடுதலாகும், ஆனால் சூடு குறைவு என்பதால் துணி சுருங்குவதில்லை.

சரி, ஃபில்டருக்கு வருகிறேன். கதவருகே இருப்பது புத்தகம் மாதிரி விரியும் இரட்டை வலை. ஒவ்வொரு லோடுக்கும் பிறகு எடுத்து, ஓரத்தில் விரலை வைத்து உருட்டினால் பஞ்சு ஒரே படலமாகக் கழன்று வந்துவிடும். புதுத் துண்டு போட்ட அன்று கை நிறைய வரும். வலையை வெளியே இழுக்கும்போது அதன் குழிக்குள் கொஞ்சம் பஞ்சு உதிரும், அதையும் வாக்கூம் கிளீனரின் ஒல்லி முனையால் எடுத்துவிட வேண்டும். எல்லோரும் இதோடு விட்டுவிடுகிறோம். நானும் முதல் வருஷம் முழுக்க அப்படித்தான் செய்தேன்.

இரண்டாவது குளிர்காலத்தில், இரண்டரை மணி நேரத்தில் முடிகிற லோடு நாலு மணி நேரம் ஓடியது. ஜீன்ஸ் இடுப்புப் பட்டி அப்படியும் ஈரம். அடியில் உள்ள மூடியைத் திறந்து ஸ்பான்ஜ் ஃபில்டரை வெளியே எடுத்தேன். அது சாம்பல் நிறக் கம்பளி மாதிரி இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த அலுமினியத் தகடுகளும் பஞ்சு படிந்து தெரியவே இல்லை. வாங்கிய கடையில் இந்த இரண்டாவது ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

குழாய் வழியே வெளியே ஊதும் டிரையரில், வலையைத் தாண்டிய பஞ்சு பெரும்பாலும் காற்றோடு போய்விடும், மிச்சம் குழாயில் தங்கும். ஹீட் பம்ப்பில் ஒரே காற்றுதான் உள்ளுக்குள் சுற்றுகிறது. துணியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த தகடுகளில் பட்டு, நீர் பிரிந்து தொட்டிக்குப் போகும். பிறகு காற்று மறுபடி சூடாகித் துணிக்குத் திரும்பும். அந்தத் தகடு எப்போதும் ஈரம், தப்பி வந்த பஞ்சு காகிதக் கூழ் மாதிரி அதில் அப்பிக்கொள்ளும். காற்று நுழைய வழி இல்லாவிட்டால் எத்தனை மணி நேரம் ஓடினாலும் துணி காயாது.

இப்போது ஐந்து லோடுக்கு ஒரு முறை ஸ்பான்ஜை வெறும் தண்ணீரில் பிழிந்து கழுவுகிறேன். முழுக்கக் காய்ந்த பிறகே திரும்பப் போட வேண்டும். இங்கே குளிரில் அது காய ஒரு நாள் ஆகிறது. அதனால் இன்னொரு ஸ்பான்ஜ் வாங்கி மாற்றி மாற்றிப் போடுகிறேன். தகடுகளை மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக மட்டும் துடைக்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் வளைந்துவிடும். ஓரம் கூர்மை, கையுறை அவசியம். கதவு வலையில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வழிந்து இறங்காமல் தேங்கி நின்றால் துணியோடு டிரையரில் போடும் வாசனை ஷீட்டின் மெழுகு படிந்திருக்கிறது என்று அர்த்தம். சோப்பு, வெந்நீர், பழைய டூத் பிரஷ் போதும்.

தகடுகளைத் தானே கழுவிக்கொள்ளும் மாடல்களும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவற்றில் பலவற்றில் உள்ளே என்ன படிந்திருக்கிறது என்று நாமே திறந்து பார்க்க முடியாது. நான் திறக்க முடிகிற மாடலையே வாங்குவேன். தூங்கும்போதும் வெளியே போகும்போதும் டிரையரை ஓட விடாதீர்கள் என்று லண்டன் தீயணைப்புத் துறை சொல்கிறது. பஞ்சு எவ்வளவு சுலபமாகத் தீப்பிடிக்கும் என்று நினைத்தாலே போதும், எங்கள் வீட்டில் படுக்கும் முன் டிரையர் நின்றிருக்கும்.

மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா, நான் வலையிலிருந்து பஞ்சை உருட்டி எடுப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இவ்வளவும் நம்ம துணியிலிருந்துதானே போகுது?" ஆமாம், அங்கிருந்துதான். அப்புறம் அவருடைய சுங்குடிச் சேலைகளை நான் டிரையரில் போடவே இல்லை. ஜன்னல் ஓரத்தில் கொடி கட்டி, ஒரு நாளுக்கு ஒன்றாகக் காயப்போட்டோம்.