பிரகடனமா, திருத்தமா?

அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்தது எது என்று கேட்டால், பலரும் லிங்கனின் விடுதலைப் பிரகடனத்தைத்தான் சொல்வார்கள். நாடு முழுவதும் அடிமை முறையைத் தடைசெய்த 13-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை மாறுகிறது.

1863 ஜனவரி 1. புத்தாண்டு விருந்தினர்களோடு மணிக்கணக்கில் கைகுலுக்கியதில் லிங்கனின் கை நடுங்கியது. தயங்கிக் கையெழுத்திட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று பேனாவைக் கீழே வைத்தார். பிறகே நிதானமாகக் கையெழுத்திட்டார். ஆனால் அது உள்நாட்டுப் போர்க்கால ஆணை. நாட்டிலிருந்து பிரிந்து போரிட்ட தென்மாநிலங்களின் கிளர்ச்சிப் பகுதிகளுக்கு மட்டுமே செல்லும். பிரியாமல் ஒன்றியத்தோடு, அதாவது லிங்கனின் அரசோடு, நின்ற கென்டக்கி, டெலவேர், மேரிலாந்து, மிசோரி மாநிலங்களின் அடிமைகளை அது தொடவில்லை.

அதற்காக அதை வெறும் காகிதம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கறுப்பின மக்களுக்குப் படையின் கதவை அகலத் திறந்தது அதுதான். சுமார் 1,80,000 பேர் சேர்ந்தார்கள். ஒன்றியத்தைக் காக்கத் தொடங்கிய போர், அவர்கள் தோளில் துப்பாக்கி ஏறியபோது விடுதலைப் போராயிற்று. அதற்கும் முன்பே, 1861 மே மாத இரவொன்றில், மூன்று அடிமைகள் படகேறி வர்ஜீனியாவில் ஒன்றியப் படையின் வசமிருந்த மன்றோ கோட்டைக்குத் தப்பி வந்தார்கள். தளபதி பட்லர் அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்தார். பிரகடனத்தின் முதல் வரியை எழுதியவர்கள் அந்த மூவர்தான் என்பேன்.

திருத்தத்தில் அந்த வேகம் இல்லை, உறுதி இருக்கிறது. 1865 ஜனவரி 31 அன்று பிரதிநிதிகள் சபையில் 119-க்கு 56 என்ற வாக்குகளில் நிறைவேறி, டிசம்பரில் மாநிலங்களின் ஒப்புதல் பெற்றது. கென்டக்கியிலும் டெலவேரிலும் தளை அறுந்தது அப்போதுதான். அடுத்து வரும் அதிபர் தன் கையெழுத்தால் அதை அழிக்க முடியாது. ஆனால் குற்றத்துக்கான தண்டனையாகக் கட்டாய உழைப்பை அது அனுமதித்தது. தென்மாநிலங்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கறுப்பினக் கைதிகளைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் குத்தகைக்கு விட்டன.