திருட்டுப் பிரதி: தடுப்பதா, வாங்க வைப்பதா?

திருட்டுப் பிரதி என்றதும் அரசுகள் முதலில் கையில் எடுப்பது சட்டத்தைத்தான். பிரான்ஸின் 2009 ஹடோப்பி சட்டப்படி, எச்சரிக்கைகளுக்குப் பிறகும் தொடர்பவரின் இணைய இணைப்பையே துண்டிக்க முடிந்தது. 2013இல் அந்தத் தண்டனை கைவிடப்பட்டது. பயனர்கள் பாட்டுகளை இலவசமாகப் பகிர்ந்துகொண்ட நாப்ஸ்டர் சேவை 2001இல் மூடப்பட்டதும் பயனர்கள் வேறு இடங்களுக்கு நகர்ந்தார்கள். பிரதி எடுக்க ஏறக்குறையச் செலவே இல்லாத பொருளுக்குக் காவல் போடுவது ஓயாத வேலை.

மற்றொரு வழி, நியாயமான விலையில் எளிதாகக் கிடைக்கச் செய்வது. 2003இல் ஆப்பிளின் இணைய இசைக் கடையான ஐடியூன்ஸ் ஒரு பாட்டை 99 சென்டுக்கு விற்றது. பிறகு, மாதக் கட்டணம் கட்டி விரும்பிய பாட்டைக் கேட்கும் சந்தா வந்தது. எனக்கு இந்த வழிதான் சரியென்று படுகிறது.

ஆனால் பணம் யாருக்குப் போகிறது? பெரும்பாலான இசைத் தளங்கள் எல்லாச் சந்தாவையும் ஒரே குவியலாக்கி, மொத்தக் கேட்பு எண்ணிக்கைப்படி பங்கிடுகின்றன. மாதம் முழுக்க ஒரே ஒரு சிறு கலைஞரை மட்டும் நீங்கள் கேட்டாலும், உங்கள் பணத்தின் பெரும்பகுதி நீங்கள் கேட்காத நட்சத்திரங்களுக்கே போய்ச் சேரும். இது அநியாயம். சவுண்ட்கிளவுட் என்ற இசைத் தளம் 2021இல் சுயாதீனக் கலைஞர்களுக்காக இதை மாற்றியது: கேட்பவரின் பணம் அவர் கேட்டவருக்கே. ஒழுங்குமுறை அமைப்புகள் முதலில் தணிக்கை செய்ய வேண்டியது இந்தப் பங்கீட்டுக் கணக்கைத்தான்.