தாடை நன்றாக இருக்கிறது, முடிதான் பிரச்சினை

நேற்று நண்பன் போன் செய்தான். அவன் மச்சானுக்கும் அமெலோபிளாஸ்டோமாவாம், எனக்கு வந்த அதே தாடைக் கட்டி. "காலெலும்பை எடுத்துத் தாடையில வைக்கப்போறாங்களாம். நாலு வருஷமாச்சே, உனக்கு எப்படிடா இருக்கு?"

கேட்ட நேரம் சரியில்லை. அப்போதுதான் கண்ணாடி முன் வாயைப் பிளந்துகொண்டு முடி வெட்டிக்கொண்டிருந்தேன்.

ஆமாம், வாய்க்குள் முடி. எலும்போடு சேர்த்தெடுத்த கால் தோலைத்தான் ஈறு இருந்த இடத்தில் தைத்திருக்கிறார்கள். அது இன்னும் காலாகவே இருக்கிறது. முருங்கைக்கீரை சாப்பிட்டால் பாதி அங்கேதான் தங்கும். புற்றுநோய்க்காரர்களுக்குக் கதிர்வீச்சில் இந்த முடி பெரும்பாலும் கொட்டிவிடும். எனக்கு வந்தது புற்று இல்லை, கதிர்வீச்சும் இல்லை, அதனால் முடி செழிப்பாக வளர்கிறது. லேசரில் கறுப்பு முடி குறைந்தது. நரைத்ததை லேசர் தொடவே இல்லை. ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்கியபோது மூச்சுக்குழாயில் துளை, மூக்கில் குழாய், உதடு மரத்துப்போவது எல்லாம் சொன்னார்கள். இதை யாரும் சொல்லவில்லை!

நியாயமாகச் சொன்னால் வேலை சுத்தமான வேலை. போனது 9 செ.மீ. தாடை. இடைவெளி சின்னதாக இருந்தால் இடுப்பெலும்பை ஒட்டியே சமாளிப்பார்களாம். எனக்கு முழங்காலுக்குக் கீழே இருக்கும் மெல்லிய எலும்பான ஃபிபுலாவை ரத்தக்குழாயோடு எடுத்து, தாடை வளைவுக்கு ஏற்ப வெட்டி, டைட்டானியம் தகட்டில் முடுக்கி, கழுத்து ரத்தக்குழாயோடு இணைத்தார்கள். 1989-இல் ஹிடால்கோ என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட முறை. முதல் மூன்று நாள் நர்ஸ் மணிக்கொருதரம் டார்ச் அடித்து வாயில் தைத்த தோலின் நிறம் பார்ப்பார். அவரும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. ஒரு வருடம் கழித்து இம்ப்ளான்ட் பல். அதன் பில்லைப் பற்றிப் பேச வேண்டாம்.

எதிர்பாராத சந்தோஷம் கால்தான். நொண்டியாவேன் என்று பயந்தேன். ஆனால் உடம்புப் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவது பக்கத்திலிருக்கும் பெரிய எலும்பு. கணுக்கால் பக்கமும் முட்டிப் பக்கமும் கொஞ்சம் விட்டுவிட்டுத்தான் நடுவில் எடுக்கிறார்கள். கட்டைவிரல் முழுசாக மடங்காது, அவ்வளவுதான். போன தைப்பூசத்துக்குப் பழனிப் படி ஏறி இறங்கினேன்.

"அப்போ செய்யச் சொல்லவா?"

"சொல்லு."

"நீயா இருந்தா மறுபடி செய்வியா?"

"இன்னிக்குக் கேட்காதே" என்றேன். "முதல்ல, தோலை முடியில்லாத இடமாப் பார்த்து எடுக்க முடியுமான்னு டாக்டர்கிட்ட கேட்கச் சொல்லு."