நேம்ஸ்பேஸோடு எட்டு வருடக் குடித்தனம்

எட்டு வருடமாக என் வேலையே அடுத்தவர் அனுப்பும் எக்ஸ்எம்எல் கோப்புகளை, அதாவது டேக் போட்டுத் தகவலை அடுக்கிவைத்த கோப்புகளை, பிரித்து மேய்வதுதான். பெரும்பாலும் பைத்தான் மொழியில், எப்போதாவது மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில். இத்தனை நாளில் என்னை அதிகம் அலையவிட்டது டீஃபால்ட் நேம்ஸ்பேஸ். ஒரு டேக் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொல்லும் முகவரிதான் நேம்ஸ்பேஸ்; பெயருக்கு முன் பிரிஃபிக்ஸ் என்ற ஒட்டு இல்லாத டேக்குகளுக்குத் தானாகப் பொருந்துவது டீஃபால்ட்.

முதல் அடி ஓர் ஆட்டம் ஃபீடில் (ஒரு தளத்தின் பதிவுகளைப் பட்டியலிடும் எக்ஸ்எம்எல் கோப்பு) விழுந்தது. கோப்பைத் திறந்தால் கண்ணெதிரே வரிசையாக 'என்ட்ரி' டேக்குகள். எக்ஸ்எம்எல்லுக்குள் தேடும் மொழியான எக்ஸ்பாத்தில் 'என்ட்ரி' என்று தேடினால் காலிப் பட்டியல். எரரும் இல்லை. அரை நாள் போனது. காரணம் எல்லாவற்றையும் சுற்றி நிற்கும் ரூட் டேக்கிலேயே இருந்தது: நேம்ஸ்பேஸ் முகவரியைச் சொல்லும், பிரிஃபிக்ஸ் இல்லாத ஓர் எக்ஸ்எம்எல்என்எஸ் அறிவிப்பு. அது வந்துவிட்டால் அந்த டேக்கும், அதற்குள்ளே பிரிஃபிக்ஸ் இல்லாமல் மொட்டையாக வரும் எலிமென்ட்டுகளும் (டேக்குகளும்) அந்த முகவரிக்குச் சொந்தம். ஆனால் எக்ஸ்பாத் 1.0-இல் மொட்டைப் பெயர் என்றால் எந்த நேம்ஸ்பேஸிலும் சேராத பெயர். கோடில் 'ஏ' என்று ஒரு பிரிஃபிக்ஸுக்கு அதே முகவரியைக் கொடுத்து 'ஏ:என்ட்ரி' என்று தேடினேன், எல்லாம் வந்தது. கோப்பிலேயே இல்லாத பிரிஃபிக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று அன்று முழித்தேன். பிரிஃபிக்ஸ் வெறும் கூப்பிடு பெயர்தான். கோப்பைப் படிக்கும் பார்சர் பார்ப்பது முகவரியை. 2007-இல் வந்த எக்ஸ்பாத் 2.0 மொட்டைப் பெயருக்கும் ஒரு நேம்ஸ்பேஸ் சொல்ல வழி செய்தது. நான் புழங்கும் பைத்தான் நூலகமான எல்எக்ஸ்எம்எல் இன்னும் 1.0-இலேயே நிற்கிறது.

அந்த முகவரியும் பார்க்கத்தான் இணைய முகவரி மாதிரி. பார்சர் அங்கே போவதே இல்லை, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும், அவ்வளவுதான். ஒருமுறை சக ஊழியர் ஒருவர், பாதுகாப்பு என்று நல்ல மனதோடு, எல்லா 'ஹெச்டிடிபி'யையும் 'ஹெச்டிடிபிஎஸ்' ஆக்கிவிட்டார். எக்ஸ்எம்எல்லில் எழுதும் பட வகையான எஸ்விஜியில் இருந்த ஐகான்கள் மொத்தமும் காணாமல் போயின. ஒரு 'எஸ்' கூடியதும் பிரவுசருக்கு அது எஸ்விஜியே இல்லை.

இதற்கு நேரெதிராகவும் பட்டிருக்கிறேன். பைத்தானின் எலிமென்ட்ட்ரீ நூலகத்தில் ஒரு கோப்பைப் படித்து அப்படியே திரும்ப எழுதினால், டீஃபால்ட்டாக இருந்ததெல்லாம் முன்னால் 'என்எஸ்0:' என்று கொம்பு முளைத்து வரும். எக்ஸ்எம்எல் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். வாங்கிய தரப்பின் மென்பொருளோ டேக் பெயரை வெறும் டெக்ஸ்டாகத் தேடியது, கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டது. தப்பு அவர்கள் பக்கம். வாதாட எங்கே நேரம்? எழுதுவதற்கு முன், அந்த முகவரிக்குப் பிரிஃபிக்ஸ் வேண்டாம் என்று சொல்லும் 'ரெஜிஸ்டர் நேம்ஸ்பேஸ்' ஒரு வரி சேர்த்து முடித்தேன்.

டாட்நெட்டில் இன்னொரு தொல்லை: நேம்ஸ்பேஸ் சொல்லாமல் எலிமென்ட் உருவாக்கிச் சொருகினால், அதில் எந்த நேம்ஸ்பேஸும் இல்லை என்று சொல்லும் காலி எக்ஸ்எம்எல்என்எஸ் ஒன்று தானாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம், டேக்குக்குள் எழுதும் கூடுதல் விவரமான ஆட்ரிப்யூட்டுக்கு டீஃபால்ட் நேம்ஸ்பேஸ் செல்லாது. விதி 1999-இலேயே எழுதிவைத்தது. இன்றும் எனக்கு ஒரு நொடி தடுமாறும்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் "அண்ணா, லிஸ்ட் காலியா வருது" என்றால் இப்போதெல்லாம் நான் இடத்தைவிட்டு எழுவதில்லை. ரூட் டேக்கைச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன்.